தோளுக்கேற்ற டிஃபரன்ஷியல்

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அக்காவை எல்லோரும் ‘பஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது. முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்தினாலும் ஹார்னில் கை வைக்க மாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அதே அக்கா ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி, மலைச்சாலைப் பந்தயத்தில் சீறிக்கொண்டிருப்பார். இந்த இரண்டில் எது அசல் அக்கா என்று கேட்டால் கட்டிய புருஷனே திருதிருவென முழிப்பார்.

அந்தப் புருஷன் குடிநீர் அலுவலகத்தில் கிளார்க். குழாயில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக வந்தாலே பதறுகிற மனிதர். போன வருஷம் அக்காவின் இடது தோள் இறுகிப் பிடித்துக்கொண்டபோது, அக்காவைவிட அவர்தான் அதிகம் அழுதார். மாதக் கணக்கில் பயிற்சி செய்து கை ஒருவழியாக மேலே ஏற ஆரம்பித்தது. ஏறியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, பந்தயம் எப்போது என்பதுதான்.

“போ, வேணாங்கல,” என்றார் கணவர். “ஆனா ஓட்டி முடிச்சு எறங்குனதும் என் கண்ணு முன்னாடி ரெண்டு கையாலயும் ஹெல்மெட்டக் கழட்டணும். முடியலேன்னா வண்டிய வெலைக்குக் கேக்குற அந்தப் பல் டாக்டருக்கே குடுத்துடலாம். மனுஷன் நடையா நடக்கிறார்.”

“சரி, சத்தியம்!” என்று அக்கா ரோஷத்தில் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

காரின் டிஃபரன்ஷியல் தேய்ந்து போனதும் அந்த நேரம் பார்த்துத்தான். வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற முடியாது; இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணுகிற பெட்டி அது. சாதாரணப் பெட்டி என்றால், எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதற்கே எஞ்சின் பலத்தையெல்லாம் வாரிக் கொடுத்துவிடும். பந்தயக் காருக்கு அது ஆகாது. வழுக்கலைக் கட்டுப்படுத்துகிற உசத்தியான பெட்டி வேண்டும். அதில் இரண்டு ஜாதி: தட்டுகள் ஒன்றோடொன்று உரசிப் பிடிப்பது ஒன்று, பல்சக்கரங்களாலேயே ஆனது இன்னொன்று.

கணவரின் தம்பி மெக்கானிக். அவருக்குப் பட்டப்பெயர் ஸ்பானர். “யோசிக்கவே வேணாம் அண்ணி, தட்டுதான். மலையேறுறவன் எல்லாம் அதத்தான் போடுறான். டைட்டா வெச்சுட்டா ரெண்டு வீலும் சேந்து கடிச்சு இழுக்கும்,” என்றார். தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கி, மல்லாக்கப் படுத்துக் கஷ்டப்பட்டு மாட்டியும் விட்டார்.

காலி குடோன் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தார் அக்கா. கார் பாய்ந்தது உண்மைதான். ஆனால் மெதுவான வளைவுகளில் திரும்பவே மாட்டேன் என்று மூக்கை நேராக நீட்டிக்கொண்டு அடம் பிடித்தது. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டி வேறு. ஒவ்வொரு திருப்பத்திலும் தோளுக்குள் ஊசி இறங்கியது.

“எப்படி அண்ணி?”

“பிரமாதம்,” என்றார் அக்கா. வீம்பு! பந்தயத்துக்கு வருகிற அத்தனை ஆம்பளைகளும் டைட்டான பெட்டி போடும்போது, தான் மட்டும் லேசானது கேட்டால் ‘பாவம், முடியல’ என்று உச்சுக் கொட்டுவார்களே என்ற பயம்.

ஆனால் ஸ்பானர் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, அக்கா காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற இடது கையைத் தூக்கப் பார்த்து, அது முடியாமல் போயிருந்தது.

“தட்டு வேணாம் தம்பி. இந்த ஸ்டியரிங்கத் திருப்ப எனக்குத் தோள் இல்ல.”

“அட, இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! கழட்டி மாட்டி எனக்கு இடுப்பே போச்சு!” என்று கத்தினார் ஸ்பானர். பிறகு குரல் இறங்கியது. “பல்சக்கரம் போட்டா ஸ்டியரிங் லேசா இருக்கும் அண்ணி. திரும்புறப்ப மல்லுக்கட்டாது. ஒரே ஒரு கொறை. ஒரு வீல் தரைய விட்டு எந்திரிச்சுட்டா, அது கைய விரிச்சுடும். உங்க வண்டிதான் அந்தக் கொண்டை ஊசி வளைவுல காலத் தூக்குமே?”

“காலத் தூக்குறப்ப பாத்துக்கலாம். கை தூக்கணும் எனக்கு,” என்றார் அக்கா.

பந்தய நாள் காலையில், பல்சக்கரப் பெட்டியோடு முதல் ஒத்திகை. ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. தோள் முணுமுணுக்கக்கூட இல்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. எஞ்சின் ஊரைக் கூட்டியது, கார் நகரவில்லை. வளைவோரம் நின்ற ஸ்பானர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது ஒத்திகைக்குள் மேலே எங்கோ குழாய் உடைந்து, அந்த வளைவுக்குச் சற்று முன்னால் சாலையில் தண்ணீர் ஓடியது. “எங்க ஆபீஸ் வேலையாத்தான் இருக்கும்,” என்று கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்காவின் கார் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் வளைவில் திரும்பியது. சக்கரம் எழும்பியது. ஆனால் இந்த முறை கார் நிற்கவில்லை! யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்ட மாதிரி வளைவைத் தாண்டி ஓடியது.

“என்ன பண்ணுனீங்க அண்ணி?” என்று ஸ்பானர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“ஒண்ணும் பண்ணலையே.” அக்கா கண்ணை மூடி யோசித்தார். கால் நினைவுக்கு வந்தது. தினமும் பஸ்ஸைக் கழுவி வெளியே எடுக்கும்போது, வலது காலால் ஆக்சிலேட்டரை விடாமலே இடது காலால் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டு போவார். பிரேக் நனைந்திருந்தால் பிள்ளைகளோடு போகும்போது பிடிக்காது. சூட்டில் காய வேண்டும். தண்ணீரைக் கண்டதும் கால் தன்பாட்டுக்கு அந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

ஸ்பானர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “அதான்! பிரேக் உரசுனதும் தொங்குற வீலுக்கு ஒரு பிடிமானம் கெடச்சிருக்கு. பிடிமானம் இருந்தா இந்தப் பெட்டி தரையில இருக்கிற வீலுக்கும் பலத்தக் குடுத்துடும். அடி ஆத்தி, இது எனக்குத் தோணலையே!”

“எனக்கும்தான் தோணல. காலுக்குத் தோணியிருக்கு.”

மதியம் அக்காவின் முறை வந்தபோது சாலை காய்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாவிட்டால் கால் மறந்துவிடுமோ என்று அக்கா இடது தொடையை இரண்டு தட்டு தட்டிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவு வந்தது. ‘பஸ்ஸைக் கழுவியாச்சு, பிள்ளைங்க காத்திருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். இடது கால் பிரேக்கைத் தொட்டது. கார் வளைவைக் கடித்துக்கொண்டு ஏறியது.

மலை உச்சியில் கணவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கார் நின்றது. அக்கா இறங்கினார். வலது கை ஹெல்மெட்டுக்குப் போனது. இடது கை இடுப்பருகே ஒரு கணம் தயங்கியது. கணவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு அது மெல்ல மார்பைத் தாண்டி, தோளைத் தாண்டி, காதருகே போய்ச் சேர்ந்தது. இரண்டு கைகளாலும் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் தூக்கினார் அக்கா.

“டைம் என்னங்க வந்துச்சு? போர்டுல பாத்தீங்களா?”

“போர்ட யாரு பாத்தா?” என்று மூக்கை உறிஞ்சினார் கணவர். “நான் உன் கையத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

ஹெல்மெட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, அங்கேயே பல் டாக்டருக்கு ஃபோன் போட்டார். “மன்னிச்சுக்கோங்க டாக்டர், வண்டி விக்கிறதுக்கு இல்ல,” என்றார். “எங்க வீட்டம்மா ஓட்டுறாங்க.”