சேலை எங்கண்ணே?

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறக்கிய அந்த ஒரே மாதத்தில்தான் மூன்றும் எங்களுக்கு வந்தன. டச் போன், ஜிபிஎஸ் பெட்டி, லைப் ஜாக்கெட். முதல் இரண்டையும் அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கினோம். மூன்றாவது, படகுக்கு ஒன்று என்று அரசாங்கம் கொடுத்தது.

போனையும் பெட்டியையும் எங்கள் ஊர் மண்டபத்தூரே கொண்டாடியது. போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டோம். மீன் பட்ட இடத்தையெல்லாம் பெட்டியில் பதிந்து வைத்தோம். ஜாக்கெட்டை மட்டும் ஒருவனும் தொடவில்லை. பெயர்தான் காரணம். எங்களுக்கு ஜாக்கெட் என்றால் பெண்கள் சேலைக்குப் போடுவது.

அண்ணன் ஒருநாள் போட்டுப் பார்த்தார். கரையில் எல்லார் முன்னாலும் நான்தான் கேட்டேன்.

“ஜாக்கெட்டு நல்லாத்தான் இருக்கு. சேலை எங்கண்ணே?”

கரையே சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே கழற்றி என்மேல் எறிந்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலையணையாக்கிக்கொண்டேன்.

ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். போகும்போது என் வாசலில் நின்றார்.

“காத்து ஒரு மாதிரி இருக்குடா. அந்த ஜாக்கெட்ட எடு.”

“அண்ணிகிட்ட கேளு. புதுசா தச்சு வச்சிருக்கும்.”

“போடா நாயே” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து மணிக்குப் போன் வந்தது. “தண்ணி ஏறுதுடா, சீக்கிரம் வா” என்றார். படகு நின்ற இடத்துக்குப் பெட்டி காட்டிய எண்களைப் படித்துச் சொன்னார். படுத்தபடியே எழுதிக்கொண்டேன். அப்போதும் என் தலை அந்த ஜாக்கெட்டின் மேல்தான் இருந்தது.

பக்கத்துப் படகில் போனோம். எண்களைப் போட்டதும் அந்தப் படகின் பெட்டி நேராக அங்கேயே கொண்டுபோய்விட்டது. படகு கவிழ்ந்து கிடந்தது. கூடப் போன இருவரும் ஆளுக்கொரு டீசல் கேனைக் கட்டிக்கொண்டு மிதந்தார்கள். கேன் இரண்டுதான் இருந்ததாம்.

“ரொம்ப நேரம் நீந்துனாருண்ணே. இப்பத்தான், கொஞ்சம் முன்னாலதான்...” என்று ஒருவன் அழுதான்.

மறுநாள் உடல் கிடைத்தது.

விதி என்று சொல்ல வந்தவர்களை விரட்டிவிட்டேன். விதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் வாய். அன்று வாசலில் பேசியதை அண்ணியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

இப்போது அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறேன். கரையில் யாரும் சிரிப்பதில்லை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். எவனாவது ஒருத்தன் சேலை எங்கே என்று கேட்கமாட்டானா என்றிருக்கிறது.