பாட்டிலில் செத்தது

மனிதரின் புற்றுநோய்ச் செல்லைப் பாட்டிலில் வளர்த்து, மூலிகைச் சாறு ஊற்றி, அது சாகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சாகாவிட்டால் பேராசிரியர் திட்டுவார், செத்தால் என்னென்ன வம்பு வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தாங்கள் பார்க்கும் வேலையைச் சொந்த ஊரில் விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இது.

சோறு ஊட்டும் வேலை

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஊட்டநீரை மாற்றாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். அப்புறம் மூலிகை கொன்றதா, நான் கொன்றேனா என்றே தெரியாது. அதனால் உத்திரமேரூரில் அத்தை மகள் நிச்சயதார்த்தத்தில் பாதிப் பந்தியில் எழுந்து மெட்ராஸ் பஸ்ஸுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு அம்மாள் நிறுத்தி எங்கே என்றார். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கொல்வதென்றால் முதலில் வளர்த்தாக வேண்டும் என்று பஸ் வரும்வரை வாதாடினேன். படியில் கால் வைக்கும்போது அவர் சொன்னது: "ஊரே அந்த நோவு வரக்கூடாதுன்னு வேண்டிக்கினு கீது. நீ அதுக்கு சோறு ஊட்ட பஸ்ஸு புடிச்சிப் போற."

கல்யாணப் பந்திச் சேதி

அந்த மழைக்காலத்தில் நான் சோதித்தது கீழாநெல்லி. காவாந்தண்டலத்தில், செடி தேடிப் போய்ப் பழக்கமான ராஜம்மா அக்காவின் நெல்வயல் வரப்பில் பறித்தது. சாறு ஊற்றிய பாட்டிலில் செல்கள் செத்தன. எங்கள் ஆராய்ச்சிக்கூட அட்டெண்டர் நாகப்பனும் அதே ஊர்க்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, நம்ம ஊர்ச் செடி கேன்சரைக் கொன்றுவிட்டது என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

கேட்டவர்களில் ராஜம்மா அக்காவும் ஒருவர். அவருக்கு மார்பில் கட்டி. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கேன்சர்தான் என்று சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்திருந்தார்கள். அந்த நாளில் அவர் போகவில்லை. வரப்பில் பறித்ததை அரைத்து, மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நாகப்பனைப் பிடித்து உலுக்கினேன். அவர் அசரவில்லை. "நான் இன்னா பொய்யா சொன்னேன்? செத்த பாட்டிலைக் கழுவி வச்சதே நான்தானேம்மா."

தோற்ற வாதம்

பட்டிமன்றத்தில் யாரிடமும் தோற்காதவள் நான். காவாந்தண்டலத்தில் தோற்றேன். பாட்டிலுக்கு வயிறு கிடையாது, ஈரல் கிடையாது, குடித்த சாறு கட்டிவரை போய்ச் சேருமா என்றே தெரியாது என்று தொண்டை வறளச் சொன்னேன். அக்காவின் வீட்டுக்காரர் முனுசாமி, "ஆபரேசன்னா அறுத்துடுவானுங்கோ. செடின்னா அறுக்க வேணாம். மன்சன் சுளுவானதத்தானே தேடுவான்" என்றார்.

"உங்கள் சுளுவுக்காகக் கட்டி காத்திருக்காது" என்று கத்திவிட்டேன். அக்கா மோர்ச் செம்பைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். "நீ செஞ்ச மருந்த நீயே வேணான்ற. உன்ன நம்பறதா, உன் பாட்டில நம்பறதா?"

வேடிக்கை காட்ட அனுமதி

பாட்டிலையே நம்புங்கள், வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் கூடத்திலிருந்து ஆஸ்பத்திரி நடக்கும் தூரம்தான். மெட்ராஸ் வரை வந்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு.

பேராசிரியரோ வெளியாட்களை உள்ளே விட முடியாது என்றார். யாருக்காக ஆராய்ச்சி, சார், என்று ஆரம்பித்தேன். அவர் டீ ஆறிப்போகும்வரை விடவில்லை. கடைசியில் கையை உயர்த்தினார். "கூட்டி வந்து காட்டு, ஒரே ஒரு பாட்டிலைக் கெடுத்துக்கொள். என்னை இத்தோடு விட்டுவிடு."

உப்பு

மைக்ரோஸ்கோப்பில் முதலில் உயிருள்ள செல்களைக் காட்டினேன். கண்ணாடியோடு ஒட்டி, கைகால் நீட்டிக் கிடந்தன. "யாரோடது இது?" என்றார் அக்கா. ஒரு வெளிநாட்டுப் பெண்ணுடையது, அவர் செத்து வெகுகாலம் ஆயிற்று என்றேன். "அவ பூட்டா. இது மட்டும் கீதா?" அடுத்து, கீழாநெல்லிச் சாறு ஊற்றிய பாட்டிலைக் காட்டினேன். செல்கள் ஜவ்வரிசிபோல் உருண்டு மிதந்தன. முனுசாமியும் பார்த்தார். "செத்துதான் கீது" என்றார். நானே ஆஸ்பத்திரிக்கு எதிராகச் சாட்சி கொண்டுவந்த மாதிரி ஆகிவிட்டது.

அவர்கள் பையில் கூழும், தனியாக ஒரு பொட்டலம் உப்பும் இருந்தன. ஒரு கை உப்பு கேட்டேன். தண்ணீரில் கரைத்து, கைகால் நீட்டிக் கிடந்த அந்த முதல் பாட்டிலில் அவர்கள் கண்ணெதிரே ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் செல்கள் சுருங்கி, பிடிவிட்டு, மிதக்க ஆரம்பித்தன. அக்கா வெகுநேரம் குனிந்தே இருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அபூர்வம். நிமிர்ந்தவர் என்னிடம் பேசவில்லை, வீட்டுக்காரரிடம்தான் பேசினார். "இந்த உப்பத்தான்யா பொறந்ததுலருந்து துன்னுகினு கீறேன். அப்பவும் எனக்கு இது வந்துச்சே. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். தள்ளிப்போட்ட நாட்களில் கட்டி அக்குள்வரை போயிருந்தது. அதையும் சேர்த்து எடுத்தார்கள். இப்போதும் ஒவ்வொரு சோதனைக்கும் அவர் பயந்துகொண்டுதான் வருகிறார், நானும் பயந்துகொண்டுதான் கூடப் போகிறேன்.

உப்புப் பாட்டிலுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் இடமில்லை என்று பேராசிரியர் அடித்துவிட்டார். என் ஆராய்ச்சியில் இதுவரை ஒரு மனுஷிக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.