கதிரை போடப் போன இடத்தில் எனக்கும் ஒரு கதிரை

லூயிஷாம் கோவில் தேரன்று மழை கொட்டி, வடம் பிடித்த எல்லோரும் தொப்பலாக நனைந்தோமே, அது எந்த வருடம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது இது. நனைந்த சப்பாத்து அன்றும் காயவில்லை. ஈரச் சப்பாத்தோடுதான் வேலைக்குப் போனேன். கோவிலுக்கு ஏன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனாய் என்று மனைவி ஏசினது வேறு கதை.

அப்போது நான் லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் போர்ட்டர். கதிரை மேசை அடுக்குவது, புரொஜெக்டர் பூட்டுவது, தேத்தண்ணிக்குக் கேத்தல் வைப்பது என் வேலை. அன்றைக்கு விரிவுரையாளர்களுக்கு ட்ரெய்னிங். பி.எச்.டி. செய்யும் பிள்ளைகளை எப்படி வழிநடத்துவது என்று அவர்களுக்கே வகுப்பு. படிப்பிக்கிறவர்களுக்கும் படிப்பிக்க வேண்டுமா என்று முதலில் சிரித்தவன் நான். நடத்தியவர் ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மா. கதிரைகளை லாடம் மாதிரி வளைத்துப் போடச் சொல்லுவார்.

நான் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்துவிட்டார். டொக்டர் நந்தன். பள்ளிக்கூட வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படித்து ஆளானவர். என்னைக் கண்டால் தமிழில்தான் கதைப்பார். அன்றைக்கு முகம் செத்திருந்தது.

"என்ன தம்பி, சுகமில்லையோ?"

"என்ரை ஸ்டூடன்ட் ஆரணி, வவுனியாப் பிள்ளை, விட்டிட்டுப் போகப்போறன் எண்டு எழுதிப்போட்டா, அண்ணை. மூண்டு வருசப் படிப்பு. வெள்ளிக்கிழமை கடைசி மீட்டிங். என்ன பிழை எண்டே எனக்கு விளங்கேல்லை. எது சொன்னாலும் ஓம் ஓம் எண்டுதான் நிண்டவ."

வகுப்பு தொடங்கியது. ஸ்டூடன்ட் வேடம் போட ஒரு நடிகரை ஹெலன் ஒழுங்குபண்ணியிருந்தார். அன்று ரயில் ஸ்ட்ரைக், ஆள் வரவில்லை. கேத்தலோடு நின்ற என்னைப் பார்த்தார். நடிகரின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா, மூன்றாம் வருடம், எழுத்து நகராமல் நிற்கிற மாணவர், என்றார்.

"நான் அஞ்சாம் வகுப்போடை நிப்பாட்டினவன். எழுத ஏலாமல் நிக்கிறதெண்டால் எனக்கு நல்ல பழக்கம்" என்று என் அரைகுறை இங்கிலிஷில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எதிரே நந்தன் வந்து இருந்தார். இங்கிலிஷில் தொடங்கி நான் தடுமாற, உங்கள் பாஷையிலேயே கதையுங்கள், நாங்கள் பார்க்கிறோம் என்றார் ஹெலன்.

நந்தனுக்குக் கதவு திறந்தது மாதிரி.

"இஞ்சை பாருங்கோ, ரெண்டாம் சாப்டரை உடைச்சு முன்னுக்குப் போட்டு, டேட்டாவைத் திருப்பி ஓடவிட்டு, அந்த மொடலையும் ஒருக்கால் மாத்திப் பாக்கவேணும்."

"ஓம் சேர்."

"அப்பிடிச் செய்தால் கிறிஸ்மஸுக்குள்ளை முடிஞ்சிடும்."

"ஓம் சேர்."

"விளங்கினதோ?"

"நல்லா விளங்கினது சேர்."

ஹெலன் கையை உயர்த்தினார். எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, அதனால் தலைகளைத்தான் பார்த்தேன் என்றார். "அவர் தலையாட்டத் தலையாட்ட உங்கள் பேச்சு வேகமாகப் போனது. விளங்கினதா என்று கேட்டிருப்பீர்கள், இனி அப்படிக் கேட்காதீர்கள். நாளைக் காலையில் மேசையில் இருந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள்."

நந்தன் கேட்டார். நான் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் பதிலை எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். ஹெலன் விடவில்லை. கேத்தல் கொதித்து அடங்கும் வரை அந்த அறையில் ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை.

"சேர், எதை உடைக்கச் சொன்னியள் எண்டே எனக்குப் பிடிபடேல்லை."

"பிறகேன் அண்ணை விளங்கினது எண்டனியள்?"

"படிப்பிக்கிற ஆளுக்கு முன்னாலை விளங்கேல்லை எண்டு சொல்லுறதோ? உங்கடை படிப்பிப்பு சரியில்லை எண்டு முகத்துக்கு நேரை சொன்னமாதிரியெல்லோ. எங்கடை சனம் சொல்லுமோ?"

"ஆரணியும் இப்பிடித்தான் நிண்டிருக்கிறா" என்றார் நந்தன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைத் தேடி வந்து அவரே சொன்னார். அந்தப் பிள்ளையிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, இரண்டு கையையும் மேசைக்குக் கீழே பொத்திக்கொண்டு இருந்தாராம். கனநேரம் கழித்து அது, "சேர், போன மார்கழியிலை சொன்ன மொடல் இண்டுவரைக்கும் எனக்கு ஓடேல்லை. அதுக்குப் பிறகு சொன்னது ஒண்டும் ஏறேல்லை" என்றதாம். இரண்டு பேரும் ஒரே கொம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து மார்கழியில் நின்றுபோன இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். பிள்ளை போகவில்லை.

ஹெலன் அதற்குப் பிறகு நடிகரைக் கூப்பிடவில்லை. நான் பென்ஷன் எடுக்கும் வரைக்கும், லாடத்துக்கு நடுவில் எனக்கென்று ஒரு கதிரை போடச் சொல்லுவார். ஊரில் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் ஐந்து வருடம்தான் இருந்தவன் நான். அந்த அம்மாவுக்கு என் நன்றி எந்த நாளும் உண்டு.

ஆரணி கடைசிச் சோதனை முடித்த அன்று நந்தனோடு என் மேசைக்கு வந்தாள். கையில் வெஸ்ட் ஈலிங்கில் வாங்கிய வடைப் பை, சூடாக.

"அங்கிள், நாளைக்குக் காலமை முதலிலை என்ன செய்யப்போறன் எண்டு கேளுங்கோ."

"என்ன பிள்ளை செய்யப்போறீர்?"

"நித்திரை கொள்ளப்போறன்."

நந்தன் ஒரு வடையை எடுத்துக் கடித்தார். சும்மா இருக்கப் பழகிவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது படிப்பிக்கிற வேலையில் இருந்தால், ஹெலனின் இந்தக் கேள்வியை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவேணும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.