ஒற்றை ஓட்டை டெப்பும் மனைவியின் பதிகமும்

புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் நின்றே முதுகு வளைந்தவன் நான். பூட்டு, கொண்டி, திருகாணி, குழாய், இவைதான் என் படிப்பு. அதனாலோ என்னவோ, எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் அதன் ஓட்டைகளைத்தான் தேடுவேன். ஓட்டையைப் பார்த்தால் அது எதோடு சேரும், எதைத் தாங்கும் என்று தெரிந்துவிடும். கனடாவிலிருந்து மகள் அனுப்பிய டெப் என்ற பலகைக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோதும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கரையில் அரிசிமணி அளவில் ஓர் ஓட்டை. வேறு ஒன்றும் இல்லை. மேசையில் கிடந்த பழைய லெப்டொப்பின் இரண்டு பக்கமும் எங்கள் வெள்ளவத்தை மாடிவீடுகளைப் போல வாசலும் யன்னலுமாக இருக்கும். இது கண்ணில்லாத, காதில்லாத பிள்ளை மாதிரி வழவழவென்று கிடந்தது.

போனில் மகளிடம் கேட்டேன்.

"என்ன பிள்ளை, இதுக்கு வேறை ஓட்டை ஒண்டும் இல்லையே?"

"இல்லையப்பா. அது சார்ஜ் போட. மற்றதெல்லாம் மேலை இருக்கும்."

"மேலை எண்டால்?"

"மேலை எண்டால் மேலைதான். கிளவுட். நீங்கள் ஒண்டும் வீட்டிலை வைச்சிருக்கத் தேவையில்லை. அந்தப் பழைய லெப்டொப்பையும் ஆருக்கும் குடுத்துவிடுங்கோ."

பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. "மேலை இருக்கிறவரைத்தானே உன்ரை கொப்பர் விடிஞ்சால் பொழுதுபட்டால் கூப்பிடுறார். அவரிட்டையே குடுத்து வைக்கட்டும்."

அவள் அப்போது மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடா போயிருந்தாள். இருவரும்தான் விசாவுக்குப் போட்டோம். அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பிறகு வருவாள் என்று இருந்தோம். அதுவரை முகம் பார்த்துக் கதைக்கத்தான் அந்த டெப்.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் சுவாமிக்கு முன்னால் வைத்துச் சந்தனப் பொட்டு வைக்காமல் நான் தொடுவதில்லை. குளிர்ப்பெட்டிக்கு வைத்தேன், தையல் மெசினுக்கு வைத்தேன், டெப்புக்கும் வைத்தேன். முன்பக்கம் கண்ணாடி, கறைபடும். பின்பக்கம் வழுக்கியது. அதனால் கரையில், அந்த ஓட்டைக்குப் பக்கத்தில், சின்னதாக வைத்தேன். பிறகு அது சுவாமித்தட்டிலேயே குடியிருந்தபடியால் வெள்ளிக்கிழமைகளில் படங்களுக்கு வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டுச் சேர்ந்துகொண்டது. நாளாக ஆக சார்ஜர் முழுதாக உள்ளே போகவில்லை. அடியில் ஒரு நெருப்புப்பெட்டியை முட்டுக்கொடுத்துச் சார்ஜ் ஏற்றினேன். அதன் அமைப்பே அப்படி என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மகள் வழமையில்லாத நேரத்தில் எடுத்தாள். "அப்பா, முதல்லை இருங்கோ" என்றாள். அம்மாவுக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு டெப்பில் காட்டினார்கள். மனைவி என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. நான்தான் கதைத்தேன். மழை பெய்ததை, கோயிலில் கொடியேறியதை, கீழ்வீட்டுக்காரரின் பூனை குட்டி போட்டதை எல்லாம் சொன்னேன். சொல்லி முடிந்ததும் வீடு முழுக்க என் குரல் மட்டும் கிடந்த மாதிரி இருந்தது. முன்பென்றால் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு நக்கல் சொல்லியிருப்பாள். நக்கலடிக்க ஆளில்லாத வீட்டில் ஒருவன் எதைச் சொல்லி என்ன?

பேச்சுப் பயிற்சி கொடுக்கவரும் பெண்மணி மகளிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். பேச முடியாமல் போனவர்கள் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்குமாம். பழகிய பாட்டை, அதுவும் தன் குரலிலேயே கேட்டால், சிலவேளை வாய் தானாகத் திறக்குமாம்.

"அப்பா, நான் கனடாவுக்கு வெளிக்கிட முதல், நவராத்திரிக்கு அம்மா பதிகம் படிக்கேக்கை லெப்டொப்பிலை வீடியோ எடுத்தனான். பென் டிரைவிலை போட்டு உங்களிட்டைத் தந்தனான். இருக்கோ?"

"இருக்குப் பிள்ளை. சுவாமித்தட்டிலை, கற்பூர டப்பாவுக்குள்ளை."

"அதை அனுப்புங்கோ."

அனுப்புவதென்றால் லேசா? லெப்டொப்பைத் திறந்தேன். அதற்கு எப்போதோ உயிர் போயிருந்தது. எத்தனையோ வாசல் இருந்து என்ன, உள்ளே ஆளில்லை. டெப்புக்கு உயிர் இருந்தது, வாசல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

காலி வீதி என்ற பெருந்தெருவில் போட்டோக் கொப்பி எடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் தன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வைரஸ் அடிச்சிட்டுது ஐயா. உள்ளுக்கை ஒண்டுமில்லை. எல்லாத்தையும் துடைச்சுப்போட்டுப் புதுசாக்கித் தரட்டே?"

துடைக்கவா? அவர் அழுத்துவதற்குள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால் நின்று தோப்புக்கரணம் போட்டேன்.

அடுத்தநாள் வேறொரு போன் கடை. திருத்துகிறவர் கொம்பனித்தெருக்காரர், நடு வயது முஸ்லிம் மனிதர். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டியிருந்தார். டெப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அங்கிள், இதுக்குள்ள என்னத்த வெச்சீங்க? மஞ்சளா காஞ்சு கெடக்குது."

"சந்தனம். புதுச் சாமான் எண்டால் பொட்டு வைக்கிறது, தம்பி."

"பொட்ட நெத்தியில வெக்கணும் அங்கிள். நீங்க வாயில வெச்சிருக்கீங்க. பாவம், இவ்வளவு நாளா இது எப்பிடிச் சாப்புட்டிச்சு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. கனநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவர் மெல்லிய ஊசியால் சுரண்டி எடுத்தார். வெள்ளிக்கிழமைகள் எல்லாம் தூளாக அவர் மேசையில் கொட்டின. பிறகு விரல் நீளத்தில் ஒரு வயர்த் துண்டை எடுத்து, ஒரு முனையை டெப்பில் செருகினார். மறுமுனையில் பென் டிரைவ் அப்படியே பொருந்தியது. இரும்புக்கடையில் அரை அங்குலக் குழாயை முக்கால் அங்குலக் குழாயோடு பொருத்த ஒரு துண்டு விற்போம். அதுவேதான் இது.

"உள்ளுக்கை ஒண்டும் இல்லை எண்டு சொன்னவை" என்றேன்.

"அது கம்ப்யூட்டர்ல. இந்த வைரஸ் கம்ப்யூட்டர் கண்ண மட்டும்தான் கட்டும். டெப்புக்கு அந்த வித்த தெரியாது. இந்தா பாருங்க."

பார்த்தேன். சின்னக் கட்டத்துக்குள் கும்பம், அதன் முன்னால் அரக்குச் சேலையில் என் மனைவி. அவர் அழுத்தினார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். நான் அந்தக் கடை வாங்கிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப டெப்புக்குள்ள கொப்பி பண்ணுவோம், அப்பதான் அனுப்பலாம்" என்றவர் சற்று நேரத்தில் தலையைச் சொறிந்தார். "இடமில்ல அங்கிள். வீடியோ பெரிசு."

"மேலை வைக்கலாம் எண்டு மகள் சொன்னவ."

"மேலயும் நெறஞ்சு போச்சு. என்ன இவ்வளவு ஏத்தி வெச்சிருக்கீங்க?" திறந்து காட்டினார். கோயில் குறூப்பில் விடிய விடிய வரும் சுவாமிப் படங்கள். வேலோடு முருகன், மயிலோடு முருகன், காலை வணக்கத்தோடு பிள்ளையார், பூமாரி பொழியும் அம்மன், ஆரத்தி வீடியோக்கள். வந்ததில் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. அழிக்கிற இடத்தில் ஒரு குப்பைத்தொட்டிப் படம் போட்டிருக்கிறார்கள். சுவாமிப் படத்தை எப்படிக் குப்பைத்தொட்டிக்குள் போடுவது?

"பேரப்பிள்ளை வீடியோவும் கெடக்குது. அத அழிக்கட்டா?"

"வேண்டாம் தம்பி." அதில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பேசிய பேச்செல்லாம் இருந்தது. நல்லாய் இருந்த காலத்துப் பேச்சு.

"அப்ப இதுகள்தான் போகணும்." அவர் டெப்பை என் பக்கம் தள்ளினார். சிரிப்பு போயிருந்தது. "உங்கட சாமிய நான் அழிக்க மாட்டேன் அங்கிள். அது எனக்குச் சரியில்ல. நீங்களே செஞ்சிட்டு வாங்க, நான் கடைய பூட்ட மாட்டேன்."

எங்கள் வீட்டில் பழைய சுவாமிக் கலண்டர்களையும் கிழிந்த படங்களையும் குப்பைக்குள் போடுவதில்லை. வருடம் முடிந்ததும் மனைவி ஒரு வெள்ளைத் துணியில் கட்டுவாள். இருவருமாக வீட்டுச் சந்தான ஒழுங்கையின் முடிவுவரை நடந்து, தண்டவாளத்தைத் தாண்டிக் கடலில் விட்டுவிட்டு வருவோம். வரும் வழியில் கடலை வாங்கித் தரச் சொல்லுவாள். அது நினைவு வந்தது. டெப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதே ஒழுங்கையால் நடந்தேன்.

பொழுது சாயும் நேரம். கற்களில் சோடி சோடியாக ஆட்கள் இருந்தார்கள். நான் தண்ணீருக்குக் கிட்டவாக ஒரு கல்லில் போய் இருந்து, செருப்பைக் கழற்றி வைத்தேன். கடலை ஒருதரம் கும்பிட்டேன். ஒவ்வொரு படமாகத் திறந்து, பார்த்து, சிவசிவா என்று சொல்லி அழுத்தினேன். அழிக்கவா என்று ஒவ்வொருமுறையும் அது கேட்டது. ஓம் என்றேன். பக்கத்தில் இருந்த பெடியனும் பெட்டையும் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அப்பனே, நீ எனக்குள் இருக்க இடம் நிறைய இருக்கிறது, இந்தச் சாமானுக்குள் அவளுக்குத்தான் இடமில்லை, கோவிக்காதே என்று சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். சொல்ல வேறு ஆளில்லை.

கடைக்குத் திரும்பியபோது சொன்னபடி அவர் பூட்டாமல் இருந்தார். கொப்பி ஏறியது. மகளுக்கு அனுப்பியும் தந்தார். போய்ச் சேர இரவு முழுக்க எடுத்தது.

மறுநாள் மாலை, அங்கே காலை. மகள் வீடியோவைத் தன் வீட்டு டிவியில் போட்டுவிட்டு, என்னையும் போனில் எடுத்து மனைவியின் முகம் தெரியும்படி வைத்தாள். டிவியில் இருந்து பதிகம் எனக்கும் கேட்டது. மனைவி பார்த்தபடி இருந்தாள். உதடு அசையவில்லை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"அம்மா, நீங்களும் படியுங்கோ" என்று மகள் மெல்லச் சொன்னாள். ஒன்றுமில்லை. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது. எனக்கு அந்த அழித்த படங்கள் எல்லாம் ஒருமுறை கண்ணுக்குள் வந்து போயின.

மூன்றாவது பாட்டின் நடுவில் டிவிக்குள் ரயில் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் ரயில் போனால் யன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. மனைவி படித்துக்கொண்டிருந்தாலும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாலும் கையை உயர்த்தி நிறுத்துவாள். அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். டிவியிலும் அப்படி நிறுத்தியிருக்கிறாள். ரயில் அடங்கும்போது குசினிக்குள், அடுப்படியில் இருந்து என் குரல். எனக்கே மறந்துபோன குரல்.

"இஞ்சாருமப்பா, தேத்தண்ணி ஆறுது."

"வாறன்" என்றாள்.

டிவியில் அல்ல. டிவியில் அவள் பதிகத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். சொன்னது கனடாவில் கதிரையில் இருந்தவள். குழறித்தான் வந்தது, ஆனால் அது அந்தச் சொல்தான். சொல்லிவிட்டு எழும்பப் பார்த்தாள். மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவள் மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அந்த வீட்டுக் குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா அங்கை இல்லை. இஞ்சை போனிலை நிக்கிறார், பாருங்கோ."

அவளுக்கு விளங்கியதும் முகம் மாறியதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "அப்பா, கதைச்சிட்டா! ஒரு சொல்லெண்டாலும் கதைச்சிட்டா! திருப்பிக் கூப்பிடுங்கோ."

நான் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு மாலையும் தேத்தண்ணி போட்டுவிட்டு எடுக்கிறேன். சந்தனப் பொட்டு பின்பக்கம் நடுவில் மட்டும். தேத்தண்ணி ஆறுது என்கிறேன். சில நாள் வாறன் என்கிறாள், சில நாள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். விசாவுக்குத் திரும்பவும் போட்டிருக்கிறேன். அதைப் பிள்ளையாரிடம் விட்டாயிற்று. ஒற்றை ஓட்டையோடு இருக்கிற இந்தச் சாமான் அந்த லெப்டொப்புக்கு ஈடாகுமா என்று கேட்டால், நெருப்புப்பெட்டி இல்லாமல் சார்ஜ் ஏறுகிறது, அவள் குரல் உள்ளே இருக்கிறது, அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ஓட்டையால் எது போனாலும் ஆள் போக முடியாது.

நேற்றும் எடுத்தேன். கூப்பிட வாயைத் திறந்தபோது மாத்தறைப் பக்கம் போகும் ரயில் வந்துவிட்டது. கண்ணாடி அதிர்ந்தது. டெப்பின் மறுபக்கத்தில், வலக்கை மடியில் கிடக்க, அவள் இடக்கையை மெல்ல உயர்த்தினாள். ரயில் முழுவதும் போய் முடியும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம்.