முறைத் தண்ணீர் நாளில் மேட்னி ஷோ

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. வானத்தில் பறந்து உலகத்தைக் காப்பாற்றுகிறவனின் புதுப்படம் மன்னார்குடிக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமை படத்தை மாற்றிவிடுவார்கள் என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட, வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் கணவர் மஸ்கட்டிலிருந்து போனில் தாராளமாக வாக்குக் கொடுத்துவிட்டார். கூட்டிக்கொண்டு போக வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தோம். அன்றைக்கென்று பார்த்து எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வந்தது. அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் அது. வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத்தான் விட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பொதுப்பணித் துறை லஸ்கர் வந்து மதகை இறக்கிவிட்டால் அப்புறம் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சம்பாப் பயிர் பால் பிடிக்கும் நேரம். அன்று பாயாவிட்டால் கதிரெல்லாம் பதராகிவிடும்.

எங்கள் வயல் பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் முதலில் மேல் வயலில் ஏறி, அதன் வரப்பில் இருக்கும் மடை வழியாகத்தான் எங்களுக்கு இறங்க வேண்டும். மேல் வயல் என் கணவரின் பெரியப்பா மகனுடையது. பாகப்பிரிவினை தாவா கோர்ட்டுக்குப் போனதிலிருந்து அவர் அந்த மடையில் சேற்றை அப்பி அடைத்து வைத்திருந்தார். அது காலங்காலமாக இருந்துவரும் மாமூல் மடை, அடைக்க அவருக்கு உரிமை இல்லை என்று நாங்கள் மனுக் கொடுத்துப் பார்த்தோம். அவர் ஆளுங்கட்சிக் கரை வேட்டி. ஆட்சி மாறினால் மடை திறக்கும் என்று என் கணவர் நம்பினார். ஆட்சி மாறியது. அவரும் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டார்.

அவர் எனக்கு மூத்தார் முறை. எங்கள் பக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை நடுவில் நிற்கிற குழந்தையிடம் சொல்வோம், அவருக்குக் காது கேட்கும். தாவாவுக்குப் பிறகு அதுவும் நின்றுபோயிற்று. ஒரு மனிதரோடு சண்டை போடக்கூட வழி இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். நான் ஆள் வைத்து மடையை வெட்டுவேன், அவர் அடைப்பார். அன்று காலையும் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். அவர் நிற்கும் வரை நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன் என்று மகளுக்குத் தலை பின்னிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

படம் தொடங்க விளக்கை அணைக்கிற நேரத்தில் முன்வரிசையில் ஒரு குடை வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அவருடைய பேத்தி. என் மகளைவிட ஒரு வயது சின்னவள், ஆனால் முறைப்படி இவளை அத்தை என்று கூப்பிட வேண்டியவள். அவர் திரும்பினார், என்னைப் பார்த்தார், உடனே குனிந்து போனை எடுத்துவிட்டார்.

எனக்குத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வரப்பில் இப்போது யாரும் இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. வெளியே ஓடி எங்கள் வயலைப் பார்த்துக்கொள்கிறவருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, அவரு இங்க தியேட்டர்ல உக்காந்திருக்காரு. ஓடிப்போயி மடைய வெட்டி விடுங்க. அவர நான் பாத்துக்கிறேன்."

ஆறு மணி வரை அவர் ஊருக்குத் திரும்பக் கூடாது. அன்று எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

திரையில் ஒரு பெரிய அணை உடைந்தது. தண்ணீர் நகரத்துக்குள் புரண்டு வந்தது. பறக்கிறவன் குறுக்கே போய் நின்று இரண்டு கையாலும் அதைக் கடல் பக்கம் தள்ளிவிட்டான். பிள்ளைகள் விசிலடித்தார்கள். அவ்வளவு நல்ல தண்ணீரும் கடலுக்குப் போகிறதே என்று என்னை அறியாமல் உச்சுக் கொட்டினேன். முன்வரிசையிலிருந்தும் அதே நேரத்தில் ஓர் உச்சு கேட்டது.

இடைவேளையில் அவர் எழுந்தார். இப்படியே ஊருக்குக் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? பாப்கார்ன் பொட்டலத்தை மகள் கையில் திணித்து, "போ, அவகூட உக்காந்து தின்னு" என்று முன்வரிசைக்கு விரட்டினேன். அத்தையும் மருமகளும் ஒட்டிக்கொண்டார்கள். அவர் வெளியே போய் இரண்டு கோன் ஐஸோடு திரும்பி வந்து, என் மகளுக்கும் ஒன்று கொடுத்தார். இத்தனை தாவாவுக்கு நடுவிலும் பிள்ளை மேல் பாசம் விட்டுப்போகவில்லை என்று நினைத்தபோது, உண்மையாகவே மனம் இளகிற்று.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஆபரேட்டர் நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார். கடைசியில் இன்னொரு சீன் இருக்கிறது என்று என் மகள் அழத் தொடங்கினாள். ஐந்தரை கூட ஆகவில்லை.

"புள்ளைங்க காசு குடுத்துத்தானே வந்திருக்கு? முழுசாப் போடுங்க!" என்று நான் மேலே பார்த்துக் கத்தினேன்.

"கடைசி வரைக்கும் ஓட்டுங்க தம்பி! என்ன அவசரம் ஒங்களுக்கு?" என்று அவரும் குடையைத் தூக்கிக் காட்டினார்.

மகள் என்னை அப்படி ஒரு பெருமையோடு பார்த்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. படத்தை மறுபடி ஓட்டினார்கள். அந்தச் சீனில் யாரோ ஒருவன் முகத்தைக் காட்டாமல் சிரித்தான், அவ்வளவுதான்.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல மூடியிருந்தது. கேட்டைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அப்போது போன் வந்தது.

"அம்மா, நான் போனப்ப அவங்க ஆளும் மம்பட்டியோட நின்னாரும்மா. மடைய இன்னும் ஒசத்தி அடைக்கச் சொன்னாராம் பெரியவரு. 'அந்தம்மா தியேட்டர்ல இருக்கு, அத நான் பாத்துக்கிறேன்'னாராம்."

கோன் ஐஸ் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்பறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிறது? நீங்களும் இல்ல, அவரும் இல்ல. ஒரு டீயக் குடிச்சிட்டு மடையத் தொறந்து விட்டுட்டோம். மேலயும் பாஞ்சிடுச்சு, கீழயும் பாஞ்சிடுச்சு. லஸ்கரு வர்றதுக்குள்ள வேல முடிஞ்சிடுச்சும்மா."

இரண்டு சீட் முன்னால் அவருடைய போனும் அடித்தது. அவர் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு என் மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இதுக்கு அடுத்த பாகம் எப்ப வருதாம்?"

"அடுத்த வருஷம் பெரியப்பா."

"அம்புட்டு நாளாவுமா? அதுக்குள்ள வேற படம் ஏதாச்சும் வருதான்னு ஒங்கம்மாவக் கேளு."

நான் மகளிடம், "பேப்பர்ல பாத்துச் சொல்றேன்னு சொல்லு" என்றேன். என் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது.

வழக்கை அவரும் வாபஸ் வாங்கவில்லை, நாங்களும் வாங்கவில்லை. அறுவடைக்குள் இன்னும் இரண்டு தடவை முறைத் தண்ணீர் வந்தது. இரண்டு தடவையும் மகளைக் கூட்டிக்கொண்டு மேட்னிக்குப் போனேன். இரண்டு தடவையும் முன்வரிசையில் குடை இருந்தது. அம்மாவுக்கு சினிமாப் பைத்தியம் பிடித்ததே அந்தப் பறக்கிறவனால்தான் என்று மகள் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை.