அப்பாவுக்கு எட்டு பட்டன்

எதையும் கடைசிவரை பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த மாதங்களில் கிராஃபிக் டிசைன் பாடம் மூன்று, கம்ப்யூட்டரில் ஓடும் ஆப் எழுதக் கற்றுத்தரும் பாடம் இரண்டு, எல்லாமே வீடியோவில் ஆரம்பித்து எல்லாவற்றையும் பாதியில் விட்டிருந்தேன். லோகோ வரைய உட்கார்ந்தால் ஆப் தெரிந்தால்தான் வேலை கிடைக்கும் என்று தோன்றும். ஆப் எழுத உட்கார்ந்தால் வரைவதுதான் எனக்கு வரும் என்று தோன்றும். சொல்லித்தருகிறவர் இழுத்து இழுத்துப் பேசுகிறார் என்று வேகத்தைக் கூட்டுவேன். புரியாமல் பின்னால் இழுப்பேன். சேலையூரில் எங்கள் மாடிக்கு மேலே விமானப்படைப் பயிற்சி விமானம் காலை முழுக்கச் சுற்றும். சத்தம் வந்தால் நிறுத்துவேன். அது போனதும் வேறு வீடியோவுக்குத் தாவியிருப்பேன்.

அப்போதுதான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு போனது.

அப்பா சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, வீட்டிலும் தணியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அந்தத் தொண்டையிலிருந்து "தா... தா..." மட்டும் வந்தது.

"நாம சொல்றது அவருக்குப் புரியுது. வார்த்தைதான் வெளியே வர மாட்டேங்குது. படம் காட்டிக் கேட்டுப் பாருங்க," என்றார் பேச்சுப் பயிற்சி தரும் அம்மா.

படம் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. திரையில் எட்டு பெரிய பட்டன். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே ஒரு வார்த்தை. தொட்டால் குரல் பேச வேண்டும். தண்ணீர் டம்ளர், ஃபேன், மாத்திரை, கொசு என்று வரைந்தேன். ஆப்பில் ஏற்றியபோது தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. ஃபாண்ட்டை மாற்றினால் 'கொசு'வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. வீடியோவில் இருந்த மெனு என் திரையில் இல்லை. மூன்று நாள் அதிலேயே கிடந்தேன். கடைசியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு என் குரலையே பதிவு செய்தேன். இரண்டு முறை விமானம் குறுக்கே வந்தது.

முற்பகலில் லேப்டாப்பை அப்பா முன்னால் வைத்தேன். இடது கை விரலால் டம்ளரைத் தொட்டார்.

"தண்ணி வேணும்," என்றது என் குரல்.

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனக்காகத்தானேப்பா பண்ணேன்!" என்று கத்திவிட்டேன். பதில் சொல்ல முடியாதவரிடம் கத்திய பிறகு அங்கே நிற்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே என்று யோசிக்காமல் ஓட்டினேன். கோவளம் வந்துவிட்டது. மீன் விற்கிற இடத்தில் வெறுமனே நின்றேன்.

"இன்னாம்மா, வாங்கப்போறியா, சும்மா பாத்துகினு நிக்கிறியா?" என்றாள் ஒரு பெண். சங்கரா மீன் கொஞ்சம் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அம்மா மீனை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பா என்னைக்குடி வாய் விட்டுத் தண்ணி கேட்டாரு? நானே கொண்டுபோய் வெச்சிடுவேன். வாயைத் தொறந்தா சண்டைதான். அதுக்கு ஏதாவது பட்டன் வெச்சிருக்கியா?"

நான் அப்படி யோசிக்கவே இல்லை.

டைப் அடிக்கப் பிடிக்காமல் குடும்ப குரூப்பில் எல்லாவற்றையும் குரலாகவே அனுப்புகிறவர் அப்பா. போனில் மேலே மேலே தள்ளினேன். சித்தப்பாவுடன் வாதம், கல்யாணத்துக்கு வர முடியாது என்ற கோபம், எனக்கு வந்த திட்டு. அதிலிருந்து வார்த்தைகளை எப்படி வெட்டி எடுப்பது என்று ஒரு வீடியோ தேடினேன். அந்த ஒன்றை மட்டும் வேகம் கூட்டாமல் முழுசாகப் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அப்பா வேண்டாவெறுப்பாக ஒரு பட்டனைத் தொட்டார்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது!"

அவருடைய குரல். வீடு அதிர்ந்தது. சமையலறையிலிருந்து அம்மா யோசிக்காமலே, "ஆமா, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்," என்று பதில் கொடுத்துவிட்டு, கரண்டியோடு அறை வாசலில் வந்து நின்றாள். அப்பா இன்னொரு பட்டனைத் தொட்டார். "அதெல்லாம் முடியாது!" மறுபடி அதே. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, விரல் நிற்கவில்லை. நல்லது செய்தேனா, புண்ணைக் கிளறினேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"கூடவே சொல்லச் சொல்லுங்க," என்றார் பயிற்சி அம்மா. பொங்கலுக்குள் அப்பா "முடி... யாது" என்று தன் வாயால் சொன்னார். கோடை வந்தபோது லேப்டாப்பைத் தொடுவதை விட்டிருந்தார். இப்போது தேடித் தேடித்தான் பேசுகிறார், தணிந்த குரலில். பயிற்சி அம்மா கேட்டதால் வேறு இரண்டு வீட்டுக்கும் அவரவர் வார்த்தைகளை வைத்துச் செய்து கொடுத்தேன். ஒரு வீட்டில் உதவியது. இன்னொரு வீட்டில் அந்தப் பெரியவர் திரையைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

எனக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு சின்ன ஆபீசில் ஐகான் வரைகிற வேலை கிடைத்தது. ரயிலில் போகும்போது காதில் ஏதாவது புதுப் பாடம் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தேரி தாண்டுவதற்குள் மாற்றிவிடுவேன்.

லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று போன வாரம் பழையதையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று, "அப்பாவோட பழைய குரல் இருக்கட்டும்," என்றாள்.

"அவர்தான் இப்ப பேசுறாரே."

"இருக்கட்டும்னேன்," என்றாள் அம்மா.