பெயிண்டரின் வீங்காத இதயம்

பெயிண்டருக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்த மகாபுத்திசாலி, தெருமுனை டாக்டர். மூச்சு வாங்குகிறது என்று போனவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படத்தில் நெஞ்சின் நடுவே வெள்ளை நிழல் அகலமாக விழுந்திருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு விநாடி தூக்கிப் பிடித்தார். ஆராய்ச்சி முடிந்தது.

“ஹார்ட் பெருசாயிருக்கு. இனிமே ஏணிப் பக்கமே போகக்கூடாது.”

ஏணி ஏறாத பெயிண்டரை வைத்துக்கொண்டு மேஸ்திரி என்ன செய்வார்? இருபது வருஷம் உயரத்தில் நின்று சுவருக்குப் பெயிண்ட் அடித்த மனிதர், ஆறு வருஷம் தரையில் உட்கார்ந்து கதவுக்கு உப்புத்தாள் தேய்த்தார். நீர் பிரிய ஒரு மாத்திரை, இதயத்துக்கு இரண்டு. மூச்சிரைப்பு கூடிக்கொண்டே போனது. டாக்டர் அசருவாரா? மாத்திரையையும் கூட்டினார்.

கடைசியில் பொறுமை இழந்த மனைவி, பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதயத்தை ஸ்கேன் செய்த பெண், “உங்க இதயம் நல்லாத்தான் இருக்கு ஐயா. அதைச் சுத்தி வேற என்னமோ உக்காந்திருக்கு” என்றாள். சி.டி. ஸ்கேனில் அந்த ‘என்னமோ’, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பின் அதே நிறத்தில் தெரிந்தது.

“கொழுப்புக் கட்டி. நெஞ்சுக்குள்ள வர்றது ரொம்ப அபூர்வம்” என்றார் அங்கிருந்த சர்ஜன். “கேன்சர் மாதிரி தெரியல. ஆனா நுரையீரலை அமுக்குது, எடுத்துடணும்.”

“பட்டினி கிடந்தா கரையாதா டாக்டர்?” என்றாள் மனைவி.

“அவர்தான் இளைச்சுப்போவாரும்மா. கட்டி இளைக்காது.”

நெஞ்செலும்பைப் பிளந்து ஒன்றரைக் கிலோவை வெளியே எடுத்தார்கள். ஆய்வுக்கூடமும் அது கேன்சர் இல்லை என்றே சொன்னது. ஆறு மாதம் கழித்து, ஏணி ஏறலாம் என்று சர்ஜன் கடிதமும் கொடுத்தார். மேஸ்திரிக்கு அது போதவில்லை.

“இவர் யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. ஏறக்கூடாதுன்னு சொன்னவரே ஏறலாம்னு எழுதித் தரட்டும்.”

வேறு வழி? பெயிண்டர் புது எக்ஸ்ரேயோடு தெருமுனை டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் படத்தைப் பிடுங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். எலும்பைச் சேர்த்துக் கட்டிய கம்பி முடிச்சுகள் அதில் வரிசையாகத் தெரிந்தன. அவருக்குத் தெரியவில்லை.

“பாத்தீங்களா! நம்ம மாத்திரையில ஹார்ட் எப்படிச் சுருங்கிடுச்சு!”

சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து எடுத்தார். பெயிண்டரின் கை பொத்தானுக்குப் போனது. ஒரு பொத்தானைக் கழற்றினால் போதும், தழும்பு தெரிந்துவிடும். டாக்டரோ, “இனிமே தாராளமா ஏணி ஏறலாம், எழுதியே தர்றேன்” என்று கடிதத்தாளை இழுத்து, பேனாவைத் திறந்துவிட்டார்.

பெயிண்டர் கையைக் கீழே இறக்கினார்.

“எல்லாம் உங்க புண்ணியம் டாக்டர்” என்றார்.